திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருந்தது

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் 'ரெக்கார்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். நோயாளிகளின் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் பொறுப்பு. எந்தக் காலத்து எக்ஸ்ரே உறையைக் கேட்டாலும் ஏணியில் ஏறி, தும்மிக்கொண்டே, நாலே நிமிடத்தில் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். "என் கைக்கு வந்த பொருள் தொலையாது" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன நர்சுகள், அவர் வாயைத் திறக்கும்போதே சேர்ந்து சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். உள்ளுக்குள் பெருமைதான்.

வீட்டில் அந்தப் பெருமைக்கு மூவாயிரத்து எண்ணூறு சாட்சிகள் இருந்தன. எல்லாம் சிடி, டிவிடி. சின்ன அறையில் தரையிலிருந்து கூரை வரை அலமாரி. அலமாரி போதாமல் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று தடித்த நோட்டுகள் மூன்று. நாலாவதாக ஒரு நோட்டு, இரவல் கணக்குக்கு: 'வந்தது', 'போனது' என்று இரண்டு பத்தி. பொருளைத் திருப்பிக் கொடுத்ததும் தேதி போட்டு ஒரு டிக்.

இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, மகள் குடும்பத்தோடு இங்கேயே மாற்றலாகி வரப்போகிறாள் என்று தெரிந்த அன்று வாயைத் திறந்தாள்.

"பொண்ணு, மாப்பிள்ளை, கைக்குழந்தை, மூணு பேரும் வந்து நிக்கப்போறாங்க. எங்க படுக்க வைக்கறது? உங்க அலமாரியில ஒரு தட்டு காலி பண்ணி, நம்பர் போட்டு சொருகிடலாமா?"

"கொஞ்சம் யோசிக்கணும்."

"யோசிக்க என்ன இருக்கு? நீங்க கேக்கறது சிடியையா, டப்பாவையா? டப்பாவை எல்லாம் தூக்கிப் போடுங்க."

முதலில் அவருக்குத் தோலை உரிக்கச் சொன்னது போல இருந்தது. ஆனால் அளந்து பார்த்தபோது அவள் சொன்னதுதான் சரி. டப்பா ஒவ்வொன்றும் விரல் தடிமன். மெல்லிய துணி உறையில் போட்டால் அதே இடத்தில் ஏழெட்டு நிற்கும். ஆஸ்பத்திரியில் வெளிநோயாளி அட்டைகள் வைத்திருந்த பழைய இரும்பு அலமாரி ஒன்று வேண்டாம் என்று வராந்தாவில் கிடந்தது. பன்னிரண்டு இழுப்பறை. அகலம் வட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. அதிகாரியிடம் கடிதம் கொடுத்துக் கேட்டு வாங்கி வந்து, துருவைச் சுரண்டி, சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தார்.

பிறகு வாரக்கணக்கில் அந்த அறைத் தரையிலேயே குடியிருந்தார். டப்பாவைத் திறப்பார். விரல் படாமல் விளிம்பைப் பிடித்து வட்டை எடுப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெள்ளிப் பூச்சில் ஊசித்துளை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெத்தென்ற துணியால் துடைத்து உறையில் போடுவார். அட்டைப்படத்தை மடித்துப் பின்னால் சொருகி, எண் எழுதி, இழுப்பறையில் நிமிர்த்தி நிறுத்துவார். காலி டப்பாக்களை மனைவி சாக்கில் கட்டினாள். "கல்யாணத்துக்கப்புறம் இப்பத்தான் இந்த அறைச் சுவரோட கலரையே பாக்கறேன்" என்றாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை, 1146 என்ற எண்ணிட்ட டப்பாவைத் திறந்தார். ஒரு வயலின் கச்சேரி. வட்டை எடுத்தபோது அதன் அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மேல்பக்கம் வெள்ளையாக, கடையில் வாங்காத வட்டு. அதில் நீல மையில் உருண்டை உருண்டையாக எழுதியிருந்தது: 'மூன்றாம் வகுப்பு. கதை நேரம்.'

அந்த எழுத்து யாருடையது என்று அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. தூசி."

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருப்பவருக்கு 'மாத்திரை' என்று பெயர். ரெக்கார்டும் மாத்திரையும் இருபது வருடச் சிநேகிதர்கள். மத்தியானச் சாப்பாடு ஒரே மேஜையில். மாத்திரையின் மனைவி ஆரம்பப் பள்ளி டீச்சர். வகுப்பில் அவர் கதை சொன்னால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேட்பார்களாம். பதினோரு வருடத்துக்கு முன் தொண்டையில் வந்த நோய்க்குக் குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் மிஞ்சியது. குரல் போயிற்று.

அதற்கு முன் எப்போதோ, வகுப்பில் அவர் கதை சொல்வதை அவருடைய மகன் வீடியோ எடுத்து வைத்திருந்தான். அவர் குரல் பதிவாகியிருந்தது அது ஒன்றில்தான். அந்த வட்டு வீட்டில் இருந்த கருவியில் ஓடவில்லை. மாத்திரை அதை ரெக்கார்டிடம் கொண்டுவந்து கொடுத்தார். "உன்கிட்டதான் எல்லா மிஷினும் இருக்கே. எதுல ஓடுமோ அதுல மாத்திக் குடுப்பா" என்றார். அப்போது ரெக்கார்டின் கம்ப்யூட்டர் ரிப்பேரில் கிடந்தது. சில வாரம் பார்த்துவிட்டு, சரியான பிறகு வாங்கிக்கொள்ளலாம், அதுவரை அவர்கள் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தார். நோட்டில் டிக்கும் போட்டார்.

ஆறு மாதம் கழித்து மாத்திரை அந்த வட்டைக் கேட்டார்.

"குடுத்துட்டேனே" என்றார் ரெக்கார்டு.

"எனக்கு ஞாபகமே இல்லையே."

ரெக்கார்டுக்கு அது மானப் பிரச்சினையாகப் பட்டது. அன்று சாயங்காலமே நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாத்திரை வீட்டுக்குப் போனார். பக்கத்தைத் திறந்து காட்டினார். தேதி இருந்தது. டிக் இருந்தது. மாத்திரை அதைப் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார். அவனுக்கு அப்போது இருபது வயது. புது டிவி வந்தபோது, வீட்டிலிருந்த பழைய கேசட், வட்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பழைய சாமான் கடையில் போட்டவன் அவன்தான்.

"உங்கம்மா குரலை எடைக்குப் போட்டுட்டு வந்திருக்கியேடா."

"நான் ஒண்ணொண்ணா பாத்துத்தான்பா போட்டேன். அது அதுல இல்ல."

"அப்ப ரெக்கார்டு பொய் சொல்றாரா?"

பையன் ரெக்கார்டைப் பார்த்தான். ரெக்கார்டு நோட்டைப் பார்த்தார். கழுத்தில் துணி சுற்றியிருந்த டீச்சர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். இருவரையும் நிறுத்தச் சொல்லிக் கதவில் படபடவென்று தட்டினார். யாரும் திரும்பவில்லை. மாத்திரை கை ஓங்கினார். அடி விழுந்தது. அடுத்த மாதமே பையன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனான். வருடத்துக்கு ஒரு தடவை வருவான், அம்மாவைப் பார்க்க. அப்பாவும் மகனும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

இது நடந்த கதை. ஆனால் ரெக்கார்டு யாரிடமும் சொல்லாத ஒன்று அதற்குள் இருந்தது. அன்று நோட்டில் அந்தத் தேதியைப் பார்த்த நொடியே அவருக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. அந்தத் தேதியில் காலையிலிருந்து பேய்மழை. பை நனையும் என்று, குடையை மட்டும் எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு வேலைக்குப் போனார். டிக்கை முந்தின நாள் சாயங்காலமே போட்டுவிட்டார், மறுநாள் தேதியிட்டு. வட்டு நனையாமல் இருக்கட்டும் என்று ஏதோ ஒரு டப்பாவுக்குள் வைத்ததும் மங்கலாகத் தோன்றியது. 'வீட்டுல ஒரு தடவை தேடிப் பாத்துட்டு வரேன்' என்று அவர் சொல்லியிருக்கலாம். ஏழு வார்த்தைகூட இல்லை. அதைச் சொன்னால் நோட்டு பொய் என்றாகிவிடும். அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போயும் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும் என்ற பயம்.

மனைவி கடைக்குப் போனதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வட்டைக் கருவியில் போட்டார். திரையில் சின்ன நாற்காலிகள், பல்போன பிள்ளைகள். "யாரு அங்க காலை ஆட்டறது? கதையில புலி வருது, காலைக் கவ்வப் போவுது" என்றது டீச்சரின் குரல். கணீரென்று இருந்தது. ரெக்கார்டு சட்டென்று அணைத்துவிட்டார். அந்தக் குரலைக் கேட்கத் தனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. மத்தியானம் எதிரில் உட்கார்ந்து மாத்திரை பேசுவது எதுவும் காதில் விழவில்லை. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது. வட்டை மாத்திரை வீட்டிலேயே எங்காவது சொருகிவிட்டு வந்துவிடலாம். என்றைக்காவது அவர்களே கண்டெடுப்பார்கள். வீட்டிலேயேதான் இருந்திருக்கிறது, பாவம் பையன் மேல் தப்பில்லை என்று சமாதானமாகிவிடுவார்கள். நோட்டும் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வட்டைச் சட்டைக்குள் பனியனுக்கு மேலே வைத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் குனியவே பயமாக இருந்தது.

"வாப்பா, என்ன திடீர்னு?" என்றார் மாத்திரை.

"சும்மாதான். இந்தப் பக்கம் வந்தேன்."

"டீச்சர் மாடியில துணி எடுக்கறா. உக்காரு, டீ போடறேன். இன்னைக்கு என் கைப்பக்குவத்தைப் பாரு, நாளைக்கு உனக்கு நானே மாத்திரை தரேன்." சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனார்.

அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. ரெக்கார்டு எழுந்து டிவி மேஜைக்குப் பின்னால் மண்டியிட்டார். சுவருக்கும் மேஜைக்கும் நடுவே ஒயர்களும் ஒட்டடையும். சட்டைப் பொத்தானைக் கழற்றி வட்டை எடுத்தார். வேர்வையில் நனைந்திருந்த விரல் வழுக்கியது. உள்ளே தள்ளினார். அது முழுதாகப் போகாமல் பாதியில் சிக்கி நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளுவதற்காகத் தரையோடு தரையாகப் படுத்துக் கையை நீட்டினார்.

தலையைத் திருப்பியபோது கதவருகே இரண்டு பாதங்கள் தெரிந்தன. டீச்சர் கை நிறையத் துணியோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. குரல் இல்லாதவர். கூப்பிடவும் இல்லை, கனைக்கவும் இல்லை.

ஐம்பத்தெட்டு வயதில், அடுத்தவர் வீட்டுத் தரையில், சட்டை திறந்து கிடக்க, தலையில் ஒட்டடையோடு அவர் எழுந்து உட்கார்ந்தார். டீச்சர் துணிகளை நாற்காலியில் வைத்தார். குனிந்து வட்டை உருவி எடுத்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கழுத்தில் தொங்கிய சின்ன நோட்டைப் பிரித்து எழுதிக் காட்டினார்.

'எங்கே இருந்தது?'

"எங்க வீட்டுல" என்றார் ரெக்கார்டு. "நான் குடுக்கவே இல்ல, டீச்சர். குடுத்ததா நோட்டுல எழுதிட்டேன்."

'அன்றைக்கே தெரியுமா?'

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம் அது. தெரியாது என்றால் அவர் நம்பியிருப்பார். ரெக்கார்டு தலையைக் குனிந்துகொண்டார். "சந்தேகம் இருந்துச்சு. தேடல."

டீச்சர் பென்சிலை அழுத்தி எழுதினார். தாள் கிழிந்தது. 'அவரிடம் நீங்களே சொல்லுங்கள். இப்போதே.'

மாத்திரை இரண்டு டம்ளரோடு வந்தார். ரெக்கார்டு சொன்னார். மழையிலிருந்து ஆரம்பித்து, டிவிக்குப் பின்னால் படுத்தது வரை எதையும் விடாமல் சொன்னார். கேட்டு முடிக்கும்வரை மாத்திரை டம்ளர்களைக் கீழே வைக்கவில்லை. கத்துவார், சட்டையைப் பிடிப்பார் என்று ரெக்கார்டு எதிர்பார்த்தார். அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"நான் அவனை அடிச்சேன்யா" என்றார் மாத்திரை, மெதுவாக. "உன் நோட்டை நம்பி அடிச்சேன்."

பிறகு போனை எடுத்து, மகன் எண்ணை அழுத்தி, ரெக்கார்டின் கையில் கொடுத்தார். "அவன்கிட்ட நீ சொல்லு."

"அப்பாவா?" என்று ஆச்சரியத்தோடு கேட்டது அந்தப் பக்கம்.

"நான்தான் தம்பி. ரெக்கார்டு மாமா." இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தது தப்பு. பாதியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எப்படியோ சொல்லி முடித்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு நான் உங்களைப் பாத்தேனே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க ஏதாவது சொல்வீங்கன்னுதான் பாத்தேன்."

"தெரியும் தம்பி."

"சரி. அப்பாகிட்ட குடுங்க."

மாத்திரை போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. முதலில் நேராக இருந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது. ரெக்கார்டு பொத்தானைப் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். டீயை யாரும் தொடவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது, அவளுக்கே உரிய கேலி ஒன்றும் வரவில்லை. "அந்தப் பையன் இத்தனை வருஷமா வருஷத்துக்கு ஒரு தடவைதான் அம்மா கையால சாப்பிட்டான்" என்று மட்டும் சொன்னாள். மறுபடி சாக்கைக் கட்டப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் ரெக்கார்டு தனியாக உட்கார்ந்தார். மாத்திரை மருந்தகத்துக்குள்ளேயே சாப்பிட்டுக்கொண்டார். மனைவியின் பிரஷர் மருந்துக்கு ரெக்கார்டு வரிசையில் நின்றபோது, மாத்திரை மற்ற நோயாளிகளிடம் பேசும் அதே குரலில், "காலையில ஒண்ணு, சாப்பிட்டப்புறம்" என்று சொல்லி மருந்தை நீட்டினார். நர்சுகள் வழக்கம்போல, "உங்க கைக்கு வந்த பொருள்..." என்று ஆரம்பித்தால் ரெக்கார்டு கோப்பைத் தேடுவது போல ஏணியின் உச்சிக்கு ஏறிவிடுவார். மாத்திரையின் மகன் இரண்டு நாள் லீவு போட்டு வந்துவிட்டுப் போனான் என்று லேப்காரர் மூலமாகத் தெரியவந்தது. வட்டு பாதிவரை ஓடி, புலி வரும் இடத்தில் நின்றுவிடுகிறதாம். அதுவரைக்கும் மூன்று பேரும் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தார்களாம்.

வேலை மட்டும் நிற்கவில்லை. மீதி டப்பாக்களையும் திறந்து தீர்த்தார். இந்தத் தடவை நோட்டைப் பார்க்கவில்லை, ஒவ்வொரு வட்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். முப்பத்தொரு வட்டு அவருடையது இல்லை. சிலவற்றில் பெயர் எழுதியிருந்தது. சில யாருடையவை என்று அவருக்கே ஞாபகம் இருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் நோட்டில் 'போனது' என்றிருந்தது. மீதி நோட்டிலேயே ஏறவில்லை. அவற்றை ஒரு துணிப்பையில் போட்டு, பன்னிரண்டாவது இழுப்பறையின் அடியில் வைத்துப் பூட்டினார். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று அதே கதையைச் சொல்வதை நினைத்ததும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகள் வருவதற்கு நாலு நாள் இருந்தபோது, காலையில் வாசல் மணி அடித்தது. டீச்சர் நின்றுகொண்டிருந்தார், தனியாக. அந்த வீட்டுக்கு அவர் வந்து பதினோரு வருடம் இருக்கும்.

மனைவி வரவேற்று நாற்காலி போட்டாள். டீச்சர் உட்காரவில்லை. நேரே சின்ன அறைக்குப் போனார். சாம்பல் நிற அலமாரியை மேலும் கீழும் பார்த்தார். ஓர் இழுப்பறையை இழுத்து, நிமிர்ந்து நின்ற உறைகளை விரலால் ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுதினார்.

'இன்னும் யார் யாருடையது இருக்கிறது?'

ரெக்கார்டின் முகம் சிவந்தது. மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முப்பத்தொண்ணு" என்றார்.

'எப்போது கொடுக்கப் போகிறீர்கள்?'

"எப்படிப் போயி நிக்கறதுன்னு தெரியல, டீச்சர். போனா, எல்லாத்தையும் சொல்லணும். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு..."

டீச்சர் அவரை முடிக்க விடவில்லை. கையை நீட்டினார், வகுப்பில் பிள்ளைகள் ஒளித்துவைத்த எதையோ கேட்பது போல. ரெக்கார்டு சாவியை எடுத்துப் பன்னிரண்டாவது இழுப்பறையைத் திறந்தார். பையைக் கொடுத்தார். டீச்சர் அதிலிருந்த வட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். லேப்காரருடையது. பழைய தலைமை நர்சுடையது, அவர் ரிட்டயர் ஆகியே ஆறு வருடம். முடிவெட்டுபவருடையது. கீழ்வீட்டுக்காரருடையது மட்டும் மூன்று. அதைப் பார்த்ததும் மனைவி, "அடப்பாவி மனுஷா, தினமும் அவரோடதானே வாக்கிங் போறீங்க" என்றாள்.

டீச்சரின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று ரெக்கார்டு பயந்துபோனார். பிறகுதான் அவர் சத்தமில்லாமல் சிரிக்கிறார் என்று தெரிந்தது. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதிய வரியில் சிரிப்பு இல்லை.

'நான் இன்னும் உங்களை மன்னிக்கவில்லை. ஆனால் கூட வருகிறேன்.'

"நீங்க எதுக்கு டீச்சர்? வெயில்ல..."

'நான் வராவிட்டால் நீங்கள் போகமாட்டீர்கள்.'

அது உண்மை. ரெக்கார்டு உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கியிருந்தார். கீழ்வீட்டுக் கதவு முன்னால் நின்று, தானே தட்டாமல், அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார். ரெக்கார்டு வேர்த்திருந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

"யாரது?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"நான்தான்" என்றார். "உங்க பொருள் மூணு என்கிட்ட இருக்கு."